வெள்ளிக்கிழமைத் தட்டு

என் மகள் செக் நாட்டுச் சமையல் சமைப்பவள். கேட்காதவர்களுக்கும் கல்யாண வீடுகளில் இதைச் சொல்லிவிடுவேன். "ஏன், எங்கட சாப்பாடு சமைக்கத் தெரியாதாமோ?" என்று கேட்பவர்கள் உண்டு. உங்கள் வீட்டு நண்டுக் கறியைவிட நன்றாகவே சமைப்பாள் என்று சொல்லிவிட்டு, வடை இருக்கும் பக்கம் நகர்ந்துவிடுவேன்.

நானும் குசினிக்காரன்தான். ரொறன்ரோவின் இத்தாலிய உணவகங்களில் பாஸ்ரா கிளறியே பிள்ளைகளை வளர்த்தேன். இந்த நகரத்தின் எத்தனையோ குசினிகள் எங்கள் தமிழ் ஆட்களின் கையில்தான் ஓடுகின்றன. மெனு அட்டையில் மட்டும் எங்கள் பெயர் வராது. மகள் அதோடு நிற்கவில்லை. பிராக் நகரத்துக்குப் போய் ஒரு வருடம் வேலை பழகினாள். அங்கே இப்போது பெரிய உணவகங்களே பழைய வீட்டுச் சமையலைத் தேடி எடுத்து, கொழுப்பைக் குறைத்து, சின்னச் சின்னத் தட்டுகளில் அழகாகப் பரிமாறுகின்றனவாம். திரும்பி வந்து டவுன்டவுனில் ஒரு செக் உணவகத்தில் சேர்ந்தாள். தலைமைச் செஃப் வேலையை விட்டுப் போனதும் முதலாளி அவளை அந்த இடத்தில் நிறுத்தினார். தற்காலிகமாகத்தான் என்று எல்லாரிடமும் அழுத்திச் சொன்னார்.

முதலாளி செக் நாட்டுக்காரர். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். தன் நாட்டுச் சாப்பாட்டை ஒரு தமிழ்ப் பிள்ளை சமைப்பதைத் தன் ஆட்கள் ஏற்பார்களா என்ற பயம். அதனால் தன் சமூகத்துப் பெரியவர்களை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார். அவர்களுக்குப் பிடித்தால் மகள்தான் தலைமைச் செஃப். இல்லாவிட்டால் பிராக்கிலிருந்து ஆள் எடுப்பேன் என்று அவளிடமே சொல்லிவிட்டார். அந்த விருந்துக்கு எங்களையும் வரச்சொன்னாள் மகள்.

அது வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் கிடையாது, முட்டையும் கிடையாது. குசினியில் நின்ற காலத்திலும் அன்றைக்கு இறைச்சிக் குழம்பை வாயில் வைக்காமல், மணந்து பார்த்துத்தான் இறக்குவேன். உப்பைப் பக்கத்தில் நிற்பவன் பார்ப்பான்.

"இஞ்சருங்கோ, வேற நாள் கேட்டுப் பாப்பமே?" என்றாள் மனைவி.

"முதலாளி வைச்ச நாள். அவள் என்னெண்டு மாத்துறது?"

"அப்ப அங்க போய் என்னத்தைச் சாப்பிடுறது?"

"வெண்ணெய் பூசின பாணைக் கடிச்சுத் தண்ணியைக் குடிச்சிட்டு இருப்பம். பிள்ளைக்கு ஒண்டும் சொல்லாதையும், அவளுக்கு ஆயிரம் வேலை."

வீட்டிலேயே சொதியோடு இடியப்பம் சாப்பிட்டுவிட்டு நாங்கள் இருக்கும் விட்பியிலிருந்து புறப்பட்டோம். இப்படியான இடங்களில் எப்படியும் யானைப் பசிக்குச் சோளப்பொரிதானே என்று மனைவி தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

வெள்ளை விரிப்பு, மெல்லிய கண்ணாடிக் கோப்பைகள், மெதுவான வெளிச்சம். வாழ்நாளெல்லாம் குசினிக் கதவுக்கு உள்ளே நின்றவனுக்கு வெளியே உட்காரக் கூச்சமாக இருந்தது. பக்கத்து நீள மேசையில் செக் பெரியவர்கள் இருந்தார்கள். முதலாளி அவர்களின் முதுகுக்குப் பின்னால் உலாவிக்கொண்டு திரிந்தார். அவர்களுக்கு மாட்டிறைச்சி வந்தது. கிழங்குகளை அரைத்துப் பாலாடை விட்ட குழம்பு, பக்கத்தில் அவித்த பாண் உருண்டைத் துண்டுகள். அந்த உருண்டையைக் கத்தியால் வெட்டக் கூடாதாம். நாங்கள் அவித்த முட்டையை வெட்டுவதுபோல நூலால்தான் வெட்டுவார்கள். வெட்டு அவ்வளவு நேர்த்தி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் அந்த மேசையில் சத்தம் இல்லை. மரியாதையாகச் சாப்பிட்டார்கள், மரியாதையாகத் தலையசைத்தார்கள். மரியாதையான சாப்பாட்டை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதைச் சாப்பிட்டவர்கள் திரும்பி வருவதில்லை.

அப்போது பரிமாறும் பெண் எங்கள் முன்னால் இரண்டு தட்டுகளை வைத்தாள். இன்று வெள்ளிக்கிழமை என்பதால் உங்களுக்கு வேறு சமையல் என்று செஃப் சொன்னார் என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாழ்வா சாவா என்று நிற்கிற நாளில் இரண்டு பேருக்காகத் தனிச்சமையலா? நெருக்கடியான குசினியில் ஒரு புதுத் தட்டு என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும். "இவளுக்கு விசர்," என்றேன். "உங்கட மகள்தானே," என்றாள் மனைவி.

தட்டில் பார்லி. உலர்ந்த காளானும் வெள்ளுள்ளியும் சேர்த்து, ஓர் உலர்ந்த இலையைக் கசக்கித் தூவி, வெண்ணெய் விட்டு ஓவனில் சுட்டது. செக் ஆட்கள் இதைக் குபா என்பார்கள். மணம் எழும்பிப் பக்கத்து மேசைக்குப் போயிருக்க வேண்டும். ஒரு முதிய பெண்மணி கதிரையோடு எங்கள் பக்கம் திரும்பினார்.

"அது உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேட்ட விதத்தில் ஒரு குற்றச்சாட்டு இருந்தது.

இன்று நாங்கள் இறைச்சி சாப்பிடுவதில்லை என்றேன். கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முதல்நாள் தாங்களும் சாப்பிடுவதில்லை, அன்று மேசைக்கு வருவது இதுதான், இந்த நாட்டுக்கு வந்தபிறகு ஒரு கடையிலும் கண்டதில்லை என்றார். விருந்தாளி ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கச் சாப்பிட எனக்கு வராது. இன்னும் கை வைக்காத என் தட்டை அப்படியே அவர் பக்கம் நகர்த்தினேன்.

வாங்கினார். ஒரு வாய் வைத்தவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த கணவர் முள்ளுக்கரண்டியை நீட்டியபோது அவருடைய கையைத் தட்டிவிட்டார். அதோடு அந்த மேசையே கலைந்தது. எனக்கும் வேண்டும், எனக்கும் வேண்டும் என்று முதலாளியைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் குசினிக்கு ஓடினார். நல்ல காலம், அன்றைய பணியாளர் சாப்பாட்டுக்கும் மகள் அதையேதான் பெரிய தட்டத்தில் சுட்டு வைத்திருந்தாள். எல்லாருக்கும் வந்தது. மேசையில் சத்தம் வந்தது. சண்டைபோலச் சத்தம். தங்கள் வீட்டில் உள்ளி கூடுதல், இல்லை, தங்கள் வீட்டில் காளான் கூடுதல் என்று வாதாடினார்கள். அந்தச் சத்தத்துக்கு நான் கோயில் கட்டுவேன்.

முதலாளி மகளை வெளியே கூட்டிவந்தார். முகமெல்லாம் வியர்வை, ஏப்ரனில் பாலாடைக் கறை. முதிய பெண்மணி எழுந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துச் செக் மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். மகள் அதே மொழியில் பதில் சொன்னாள். என் பிள்ளை அந்த மொழி பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

முதலாளி கோப்பையைக் கரண்டியால் தட்டினார். "எங்கள் தலைமைச் செஃப்," என்றார். தற்காலிகம் என்ற சொல் வருகிறதா என்று காத்திருந்தேன். வரவில்லை.

எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்து நின்று தட்டினேன். கண்ணீர் நிற்கவில்லை.

மனைவி என் கையைப் பிடித்து இழுத்தாள். "கண்ணைத் துடைச்சுப்போட்டுக் கதிரையில இருங்கோ. சனம் எல்லாம் உங்களைப் பாக்குது."

"பாக்கட்டும்," என்றேன்.