கோலம் இல்லாத வாசல்

மார்கழி பிறந்த பிறகுதான் எங்கள் நாய் தன் காலை நக்க ஆரம்பித்தது. முதலில் வெறுமனே நக்கியது. பிறகு விரலிடுக்கில் பல்லை விட்டுக் கடிக்கத் தொடங்கியது. சோறு வைத்தால் நாலு வாய் தின்றுவிட்டு மறுபடி காலுக்கே போய்விடும். அந்தச் சத்தம் அடுப்படி வரை கேட்கும்.

எழுபதுகளின் கடைசி அது. அரியலூரில் வாடகை வீடு. என் கணவர் சுண்ணாம்புக் கல் சுடும் காளவாயில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். மகள் அப்போதுதான் வார்த்தை சேர்த்துப் பேசப் பழகியிருந்தாள். நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டேதான் பேசுவாள். அது அவள் கையையும் நக்கும்.

பக்கத்து வீட்டு அம்மாள்தான் ஆரம்பித்து வைத்தாள். "தன் காலையே கடிக்கிற நாயி, நாளைக்கிப் புள்ளைய உட்டு வைக்குமா?" என்றாள். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். வெறிநாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசி என் கண்ணைவிட்டுப் போகவில்லை. வெறிபிடித்த நாய் தண்ணீரைக் கண்டால் மிரளும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் கொல்லையிலும் வாசலிலும் சட்டியில் தண்ணீர் வைத்துவிட்டுக் கதவிடுக்கில் நின்று பார்ப்பேன். குடிக்கும். எனக்குப் போன உயிர் வரும். கொஞ்ச நேரத்தில் மறுபடி சந்தேகம் வந்துவிடும்.

வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் பூசினேன். அதையும் நக்கித் தீர்த்தது. சனிக்கிழமை இரவு சாப்பிடும்போது கணவர் தட்டைப் பார்த்தபடியே, "காலையில நாய் புடிக்கிற ஆள் வருவான். பாப்பாவ உள்ள வச்சிக்க" என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. நாளைக்குப் பிள்ளைக்கு ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது?

மறுநாள் இருட்டோடு அவர் காளவாய்க்குக் கிளம்பிவிட்டார். நான் சாணம் தெளித்துக் கோலம் போட்டேன். மார்கழி என்பதால் படியிலிருந்து தெரு வரைக்கும் பெரிய கோலம். மிதிக்காமல் யாரும் உள்ளே வர முடியாது. கோலமாவு காளவாயிலிருந்து அவர் பையில் கொண்டுவருவது. சும்மா கிடைக்கிற சுண்ணாம்புத் தூள், பால் மாதிரி வெள்ளை. என் விரல்கள் வெடித்திருந்தன. பனி வெடிப்பு என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

எழுந்து வந்த மகள், முகம் கழுவிய ஈரக் கையை மாவுக் கிண்ணத்தில் விட்டு அளைந்தாள். கொஞ்ச நேரத்தில் ஓவென்று அழுதாள்.

"கை எரியுதும்மா."

கழுவிப் பார்த்தேன். உள்ளங்கை சிவந்திருந்தது. வாசலில் கோலத்தின்மேல் படுத்துக்கொண்டு நாய் காலைக் கடித்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அதன் விரல்களைப் பிரித்தேன். இடுக்கெல்லாம் வெள்ளையாக அப்பியிருந்தது. அடியில் தோல் வெந்து ரத்தச் சிவப்பு.

குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வாசலைக் கழுவினேன். ஒரு புள்ளி மிச்சம் வைக்கவில்லை. நாயைக் கொல்லைக்கு இழுத்துப்போய்க் கால்களைக் கழுவி எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ செருமினார்கள்.

வாசலுக்கு வந்து பார்த்தேன். நாய் பிடிக்கிற ஆள், கையில் கம்பிச் சுருக்கு. கழுவின காலை நம்பி இவனை எப்படித் திருப்பி அனுப்புவது? என் கணவர் சொல்லித்தானே வந்திருக்கிறான்?

ஆனால் அவன் படியேறவில்லை. ஈரம் காயாத வெறும் வாசலைப் பார்த்தான். தெருவில் எல்லா வீட்டிலும் கோலமும் பூசணிப்பூவும். கலைந்த தலையும் அழுத முகமுமாக நின்ற என்னைப் பார்த்தான். சுருக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"எப்பங்க ஆச்சு?" என்றான், தணிந்த குரலில்.

அப்படி எதுவும் இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் நாய் போய்விடும். சொல்லாவிட்டால் இல்லாத சாவை நானே வீட்டுக்குள் அழைத்த மாதிரி. உள்ளே மகள் எரிகிற கையை ஊதிக்கொண்டிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டேன்.

அவன், சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்களைப் போல, போய் வருகிறேன் என்று சொல்லாமலே போய்விட்டான்.