சாயக்கையும் மின்னல் விளக்கும்

அவளுக்குச் சாயக்கை என்று பெயர் வைத்தவள் அவளுடைய ஓரகத்தி. விரல் நுனிகளில் எந்நேரமும் நீலமோ சிவப்போ ஒட்டியிருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கொஞ்சம் மிஞ்சும். "அந்தக் கை பட்ட சோத்தை யார் திம்பா? நீ கடைசியா சாப்பிட்டுக்கோ" என்று ஓரகத்தி ஒருநாள் சொன்னாள். அதுவே வழக்கமாகிவிட்டது. கடையில் இருந்த நாங்களும் அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டோம். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

கடை அவள் கணவனின் அண்ணனுடையது. அக்ரிலிக் தகட்டை வெட்டிப் பெயர்ப்பலகை, பரிசுக் கேடயம், மேசை விளக்கு செய்யும் கடை. முன்பக்கம் விற்பனை, நடுவில் லேசர் இயந்திரம், பின்னால் ஜன்னலில்லாத ஓர் அறை. கணவன் இறந்தபின் மகளோடு அண்ணன் வீட்டு மாடியில் ஒண்டியிருந்தவளை, "சும்மா உக்காந்து சாப்பிட்டா உடம்புக்கு ஆகாதும்மா" என்று சொல்லி அவர் அந்தப் பின்னறையில் கொண்டுவந்து உட்காரவைத்தார். சம்பளப் பேச்சு எழவே இல்லை. நான் அங்கே சரக்கு இருப்புப் பார்த்தவன். இங்கே சொல்வதில் பாதி என் கண்ணால் பார்த்தது, மீதி அவள் வாயால் கேட்டது.

தெளிந்த அக்ரிலிக்கில் வெளிச்சம் புகும்படி நிறம் ஏற்றுவதுதான் அவள் வேலை. தூரிகையால் தீட்டினால், விளக்குப் போட்டதும் இழுத்த கோடெல்லாம் பெருக்காத தரையில் துடைப்பம் போன தடம் மாதிரித் தெரியும். அவள் தூரிகையைத் தொடமாட்டாள். கண்ணாடிச் சாயத்தை ஸ்பிரிட்டில் இளக்கி, சொட்டுக்குழாயால் விட்டு, தகட்டை இரு கையாலும் சாய்த்துச் சாய்த்து ஓடவிடுவாள். மின்விசிறி ஓடக்கூடாது. ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. மேசைமேல் வைத்து நிறம் பார்க்கமாட்டாள், பல்புக்கு நேரே தூக்கிப் பிடித்துத்தான் பார்ப்பாள். ஓரத்தில் விரலகலம் வெறுமையாக விடுவாள். கடைசியில் ஸ்பிரிட் நனைத்த துணியால் அந்த ஓரத்தைச் சுற்றித் துடைத்துக் கைரேகையை எடுத்தால் வேலை முடிந்தது.

இதில் ஒரு சங்கதி உண்டு. லேசர் வெட்டிய விளிம்பு, வெட்டிய சூட்டில் உள்ளுக்குள் இறுகி நிற்கும். அதன்மேல் ஸ்பிரிட் பட்டால் மயிரிழை மயிரிழையாக விரிசல் ஓடும். அதனால் வெட்டிய துண்டைச் சூட்டுப்பெட்டியில் வைத்து மெல்லச் சூடேற்றி, மெல்ல ஆறவிட வேண்டும். பிறகு பயமில்லை. அந்தப் பெட்டியை அண்ணனைத் தவிர யாரும் தொடக்கூடாது என்பது கடைச் சட்டம். சூடு காட்டிய துண்டும் காட்டாத துண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

ஒருநாள் அண்ணன் வெளியே போயிருந்தபோது, தங்கும் விடுதிகளுக்கு உள்அலங்காரம் செய்யும் ஓர் அம்மாள் கடைக்கு வந்தார். தேன்நிற விளக்கொன்றைக் கையில் எடுத்து, "இதைச் செஞ்சது யாரு?" என்று கேட்டார். இயந்திரக்காரர் பின்னறையைக் காட்டினார்.

"என் பட்டறைக்கு வந்துடறியா? சம்பளம் உண்டு. தங்க ரெண்டு அறை தர்றேன்" என்றார் அந்த அம்மாள், பின்னறை வாசலிலேயே நின்று. "மாதிரிக்கு ஒரே ஒரு தகடு செஞ்சு எடுத்துட்டு வா. என் பார்ட்னர் பாத்து சரின்னுட்டா போதும்."

அன்று மகள் அவளிடம் கேட்டது ஒன்றுதான்: "அங்க உள்ளேருந்து நாமளே தாழ் போட்டுக்கலாமாம்மா?"

திருட்டுத்தனமாகச் செய்ய அவளுக்கு வராது. அண்ணனிடமே போய்த் தகடு கேட்டாள். அவர் கோபிக்கவில்லை.

"போம்மா, நல்லா இரு. உன்னை என்ன கட்டியா போட்டிருக்கேன்?" என்று சொல்லி, நல்ல தகடாகத் தானே பொறுக்கி, வெட்டவைத்து, மறுநாள் அவள் கையில் கொடுத்தார்.

"பெட்டியில வெச்சாச்சா மாமா?"

"வெச்சாச்சு, வெச்சாச்சு. என் கையால தர்றேன், அப்புறம் என்ன கேள்வி?"

ஒரு மூலையில் தேன் நிறமாகத் தொடங்கி மறுமூலையில் ஆழ்ந்த நீலமாக முடியும் தகடு அது. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. வழியில் எப்படியும் கை படும், ஓரத்தை அங்கே போய்த் துடைத்துக்கொள்ளலாம் என்று அந்தக் கடைசி வேலையை மட்டும் விட்டுவைத்தாள். இயந்திரக்காரர் எட்டிப் பார்த்து, "அந்தம்மா உன்னை விடமாட்டாங்க சாயக்கை. போறப்ப என்னையும் சுருட்டி எடுத்துட்டுப் போயிடு" என்றார். அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

பட்டறையில் தகட்டை விளக்கின்மேல் நிறுத்தினார்கள். பார்ட்னர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டே வந்து பார்த்து, "அடேயப்பா" என்றாராம். அதோடு விட்டிருக்கலாம். பேருந்தில் பிடித்து வந்ததில் ஓரமெல்லாம் கைரேகை. "ஒரு நிமிஷம்மா" என்று சொல்லி, பையிலிருந்து துணியையும் ஸ்பிரிட் புட்டியையும் எடுத்து ஓரத்தைச் சுற்றித் துடைத்தாள். கீழ் ஓரத்தில் ஒரு கோடு தெரிந்தது. தலைமயிர் ஒட்டியிருக்கிறதென்று நினைத்து அதன்மேல் இன்னும் அழுத்தித் துடைத்தாள். கோடு இரண்டானது. மூன்றாவது, வெற்று ஓரத்தைத் தாண்டி நீலத்துக்குள் ஓடியது. விளக்கு உள்ளே எரிந்ததால் ஒவ்வொன்றும் பளபளத்தது.

"எங்க கண்ணு முன்னாலயே இப்படின்னா, விடுதியில மாட்டினா என்ன ஆகும்?" என்றார் பார்ட்னர். அழைத்த அம்மாள் விளக்கை அணைத்தார்.

அவள் தகட்டோடு நேரே கடைக்கு வந்தாள். "மாமா, நிஜமாவே பெட்டியில வெச்சீங்களா?"

"வெச்சேன்னுதானே சொன்னேன்? சுவிட்சு போட்டேன்னு சொன்னேனா?"

கல்லாவில் இருந்த ஓரகத்தி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "தனியாப் போய்க் கிழிக்கிற மூஞ்சியைப் பாரு! போ போ, கேடயமெல்லாம் அப்படியே கெடக்கு."

இயந்திரக்காரர் குனிந்து வெட்டுத்தூளைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் இருப்பு நோட்டைப் புரட்டினேன். இரண்டு அறை என்ற பேச்சை மகள் அதன்பின் எடுக்கவே இல்லை.

அந்தத் தகட்டை அண்ணன் தூக்கிப்போடவில்லை. அடியில் விளக்கு வைத்து முகப்பில் நிறுத்தினார், அவள் வரும்போதும் போகும்போதும் கண்ணில் படட்டும் என்று. ஆனால் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "உள்ள மின்னல் வெட்டின மாதிரி இருக்கே, எப்படிங்க செஞ்சீங்க?" என்று ஒருவர் கேட்டு வாங்கிப்போனார். அதேபோல் வேண்டுமென்று வேறு சிலர் வந்தார்கள். மின்னல் விளக்கு என்று பெயர் போட்டார் அண்ணன். விளக்கும் கையுமாகத் தான் நிற்கும் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினார். சூட்டுப்பெட்டி மூலைக்குப் போனது. அவள் முன்போலவே நிறத்தை ஓடவிட்டு, பல்புக்கு நேரே பார்த்துச் சரிசெய்து, பிறகு தன் கையாலேயே துடைத்து ஒவ்வொன்றையும் உடைத்தாள். சில வருடங்கள் அதுதான் அவள் வேலை.

பிறகு ஒருநாள் அந்த உள்அலங்கார அம்மாளே வந்தார், ஒரு விடுதிக்கு மொத்தமாக மின்னல் விளக்கு வேண்டுமென்று.

"செய்யறதையே காட்டறேன், உக்காருங்க" என்று சொல்லி, "சாயக்கை! ஒண்ணு எடுத்துட்டு வா" என்று அண்ணன் கூப்பிட்டார்.

அம்மாளுக்கு அவளை அடையாளம் தெரிந்துவிட்டது. "அட, நீயா! இன்னும் இங்கதான் இருக்கியா? பாத்தியா, அன்னிக்கு உனக்குக் கைதவறி வந்ததை உங்க மாமா தெரிஞ்சே செய்யறார். பக்கத்துல இருந்து நல்லாக் கத்துக்கோ."

"சரிங்கம்மா."

தகட்டை விளக்கின்மேல் நிறுத்தி, துணியை ஸ்பிரிட்டில் நனைத்து, ஓரத்தைச் சுற்றித் துடைத்தாள். கீழிருந்து ஒரு கோடு கிளம்பி நிறத்துக்குள் ஏறியது. அம்மாள் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"இன்னும் கொஞ்சம் தேயேன்" என்றார். "நடு வரைக்கும் போகட்டும்."