காலி வண்டிக்குப் போட்ட கோடு

யுத்தம் முடிந்து விளக்குக் கட்டுப்பாடு நீங்கிய கையோடு என் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரிய விளக்குகள் மாட்டினேன். அதிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. விழுப்புரத்தில் வீட்டுச் சுவரில் கோடு போட்டு, வெளிச்சம் அதற்கு மேல் ஏறாதபடி விளக்குகளைத் திருகி வைத்தேன். மறுநாளே டிக்கியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகளைத் திணித்துக்கொண்டு திண்டிவனம் கிளம்பிவிட்டேன்.

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் பொழுது சாய, விளக்கைப் போட்டேன். எதிரே வந்த வண்டிமாடுகள் மிரண்டு, வண்டி பள்ளத்தில் இறங்கியது. ஒரு மாட்டுக்கு முழங்காலில் ரத்தம்.

“மாட்டைப் பிடிக்கத் தெரியாதா? விளக்கு சரியாத்தான் வச்சிருக்கேன்!” என்று நான்தான் கத்தினேன்.

வண்டிக்காரர் டிக்கியைப் பார்த்தார். “பின்பாரம் ஏத்திக்கினு வர்றீங்க. முன்னாடி தூக்கிக்கினு வெளிச்சம் மாட்டுக் கண்ணுல அடிக்குது. தெனம் பாரம் ஏத்துற எங்களுக்குத் தெரியாதுங்களா?”

சுவரில் போட்ட கோடு சரிதான். ஆனால் அதைக் காலி வண்டிக்குப் போட்டிருந்தேன். விளக்கை அணைத்துவிட்டு, நொண்டும் மாடு வண்டியை மேலே இழுத்துக் கடந்துபோகும்வரை நின்றேன். மன்னிப்புக் கேட்க மட்டும் வாய் வரவில்லை.