கடைசிச் சம்மதம் முத்துத்தாயுடையது

திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு முன்னால் கூட்ட அறையைப் பெருக்கித் துடைப்பது முத்துத்தாயின் முறை. போன திங்கட்கிழமையும் அவள் முறைதான். அதற்கு முந்தியதும்.

விதிப்படி பார்த்தால் தலைமைக்குழுவின் நான்கு பேருக்கும் முறை உண்டு. இந்த வறுமை ஒழிப்பு மையத்தைத் தொடங்கிய பெரிய ஐயா போட்ட விதி அது. ஏழை வீட்டு வாசலில் போய் உட்காருகிறவர்கள் தங்கள் அறையைத் தாங்களே பெருக்கிக்கொள்ள வேண்டும் என்பார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு, திட்டங்களைப் பார்க்கும் அசோக்குமாருக்குத் தூசி ஒத்துக்கொள்ளாமல் போயிற்று. பயிற்சிகளையும் கூட்டக் குறிப்புகளையும் கவனிக்கும் ஹம்சவேணிக்கு இடுப்புப் பிடிப்பு. இயக்குநர் துளசிராமுக்குச் சரியாக அந்த அரைமணி நேரத்தில்தான் வெளிநாட்டிலிருந்து போன் வரும். நீ செய் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. விளக்குமாறு அவள் கைக்கு வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

மேசைக்கடியில் இருந்த பிஸ்கட் தூளை ஒதுக்கிக் கூட்டி முறத்தில் அள்ளினாள். நிமிர்ந்தால் சுவரில் அவளுடைய படமே தொங்கியது. இருபத்திரண்டு வருடங்களுக்கு முந்திய முத்துத்தாய், ஒரு கறவை மாட்டின் கழுத்துக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கீழே, 'வறுமையிலிருந்து வெளியே வந்த முதல் குடும்பம், கீழச்செம்பட்டி' என்று எழுதியிருக்கும். வருகிற விருந்தாளிகள் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். கண்ணாடியில் படிந்த தூசியைத் துடைக்கும்போது அது வேறு யாரோ ஒருத்தியின் படம் போலத்தான் அவளுக்கு இருக்கும். மாடு மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. வலது பக்கம் நின்றால்தான் பால் விடும்.

பரவைக்கு மேற்கே உள்ள அந்தக் கீழச்செம்பட்டிக்குத்தான் அவள் வாழ்க்கைப்பட்டு வந்தாள். புருசன் பாண்டியராஜனுக்குப் பரவை மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் வேலை. மையத்துக்காரர்கள் ஊருக்கு வந்தபோது முதலில் பெண்கள் சங்கத்தில் சேர்ந்தாள். பிறகு சங்கத் தலைவி. அதற்குப் பிறகு பதினெட்டு ஊர்களுக்குப் பொறுப்பாளி. பதினாலு வருடங்களுக்கு முன் பெரிய ஐயா அவளைத் தலைமைக்குழுவில் உட்கார வைத்தார். மகள் மீனாவின் படிப்பையும் உத்தேசித்து ஆனையூரில் வாடகைக்கு வீடு பார்த்து வந்தார்கள். மீனா படித்து முடித்துக் கல்யாணமாகிப் போய்விட்டாள். வாடகை வீடு மட்டும் நிலைத்துவிட்டது.

அவளுக்காகவே ஐயா இன்னொரு விதியும் போட்டார். எந்தத் தீர்மானமானாலும் ஒவ்வொருவரும் வாயைத் திறந்து 'சம்மதம்' என்று சொல்ல வேண்டும். சங்கத்துப் பெண்களின் பிரதிநிதி கடைசியாகச் சொல்ல வேண்டும். அவள் சொல்லாமல் தீர்மானம் நிற்காது. உதவி தருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு இந்த விதி ரொம்பப் பிடிக்கும். பதினாலு வருடங்களில் முத்துத்தாய் ஒரு தடவைகூட மாட்டேன் என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டியும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

இன்றைய கூட்டத்தில் கீழச்செம்பட்டி வருகிறது. வறுமை நீங்கிய வீடு என்பதற்கு அடையாளமான பச்சைப்புள்ளியை ஊரில் எல்லா வீடும் வாங்கிவிட்டது. வியாழக்கிழமை விருந்தாளிகள் வந்து, வறுமை நீங்கிய ஊர் என்று பலகை திறக்கப் போகிறார்கள். அதோடு மையத்தின் வேலை அந்த ஊரில் முடியும். கடைசியாகப் பச்சைக்கு வந்த வீடு ஒச்சாயியுடையது. அந்த வீட்டுக்குப் பச்சை போட்டவள் முத்துத்தாய்.

முன்பெல்லாம் புள்ளி போடுகிற விதம் வேறு. ஊர் மந்தைத் திடலில் கோலப்பொடியால் ஊரையே தரையில் வரைவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் புளியங்கொட்டை வைப்பார்கள். கொட்டை கூடக்கூட வீடு தேறிவிட்டது என்று கணக்கு. சுற்றி நிற்கும் பெண்களில் யார் வேண்டுமானாலும் குனிந்து ஒரு கொட்டையை எடுத்துவிடலாம். எடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். "அவ வீட்டுல எங்கடி ரெண்டு ஆடு இருக்கு? ஒண்ணு மச்சான் வீட்டு ஆடு!" என்று கூச்சல் கிளம்பும். சண்டை வரும். அரைநாள் போய்விடும். ஆனால் பொய்யாக ஒரு கொட்டை தங்காது.

இப்போது கையில் தொடுதிரை டேப். பத்துக் கேள்விகள். உண்டு, இல்லை என்று தொட்டுக்கொண்டே போனால் கடைசியில் அதுவே நிறம் காட்டும். மார்கழியில் ஒரே நாளில் பதினோரு வீடுகள் முடித்தாள். ஒச்சாயி வீட்டுக்குப் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. வேப்பமரத்தடியில் ஒரு டிவிஎஸ் வண்டி நின்றது. இருசக்கர வாகனம் உண்டா? உண்டு என்று தொட்டாள். புள்ளி பச்சையானது. பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.

அந்த வண்டியைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஒச்சாயியின் புருசன் விருமாண்டி அதில்தான் கீரைக்கட்டு ஏற்றிக்கொண்டு பரவைக்குப் போவான். இரண்டு வருடங்களுக்கு முன் திண்டுக்கல் ரோட்டில் லாரி தட்டி, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கட்டிலோடு கிடக்கிறான். அவன் விழுந்த அன்று ஆஸ்பத்திரியில் ஒச்சாயியோடு ராத்திரி முழுக்க இருந்தவளே முத்துத்தாய்தான். தெரிந்துதான் இருந்தது. தொடும்போது ஞாபகம் வரவில்லை. அதற்கும் முன்னால் இப்படி எத்தனை வீட்டில் தொட்டிருப்போம் என்று யோசித்துப் பார்த்தாள். அப்போதும் நெஞ்சில் எதுவும் அசையவில்லை. மரத்துப்போன காலை ஊன்றினால் தரை இருப்பது தெரியும், குளிர்ச்சி தெரியாதே, அந்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை, பலகை திறப்புக்கு வரச்சொல்லிக் கூப்பிட அந்த வீட்டுக்குப் போயிருந்தாள். ஒச்சாயி புருசனுக்கு முதுகு துடைத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கை மட்டும் அறுபது வயதுக் கை.

"வாங்க மதினி. என்னமோ நாங்க வறுமையில இருந்து வெளிய வந்துட்டோமாமே, தாமரைச்செல்வி சொன்னா."

தாமரைச்செல்வி அந்த ஊர்க் களப்பணியாளர். முத்துத்தாய் 'ஆமாம்' என்று தலையாட்டினாள்.

"எந்த வழியா வந்தோம்னு சொன்னீங்கன்னா, இந்த மனுசனையும் தூக்கிட்டு வந்துருவேன். இவரு இன்னும் உள்ளேயேதான் கெடக்காரு."

கட்டிலில் இருந்து விருமாண்டி சிரித்தான். "ஏ, சும்மா இரு. அக்கா என்ன செய்யும்."

"அதத்தான் கேக்குறேன், அக்கா என்ன செய்யும்னு." துணியைப் பிழிந்து உதறினாள். "புதன்கிழமைக்குப் புதன்கிழமை காலு நீவி விட மையத்துல இருந்து ஒரு புள்ள வருமே, அது இனிமே வராதா?"

"ஊரு முடிஞ்சா வராது."

"அது வந்து நீவ ஆரம்பிச்சப்புறம்தான் பெருவிரலு லேசா அசையுது. இந்தா, பாருங்க."

முத்துத்தாய் பார்த்தாள். விரல் அசைந்த மாதிரியும் இருந்தது, அசையாத மாதிரியும் இருந்தது.

"அந்த வண்டிய ஏன் ஒச்சாயி விக்காம வச்சிருக்க?" என்று கேட்டாள். கேட்டபிறகு, எதற்காகக் கேட்டோம் என்று தோன்றியது.

ஒச்சாயி குரலைத் தணித்தாள். "பழைய இரும்புக்காரன் ரெண்டு தடவ வந்துட்டான். வித்துட்டா, நீ இனி எந்திரிக்க மாட்டன்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும்ல. கெடக்கட்டும். சீட்டுல கோழி முட்டை போடுது."

கடுங்காப்பி கொடுத்தாள். முத்துத்தாய் குடித்தாள். வரும் வழியெல்லாம் அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம்கூட இடம் கிடைத்தது. வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாண்டியராஜனிடம் சொன்னாள். முழங்கால் தேய்ந்து அவன் மூட்டை தூக்குவதை விட்டு ஐந்து வருடமாகிறது. ஆனாலும் அவனுக்குப் பேச்செல்லாம் மார்க்கெட்தான்.

"பரவையில அழுகின தக்காளியக் கூட ஒரு தடவ கையில எடுத்துப் பாத்துட்டுத்தான் தள்ளுவாய்ங்க. நீங்க என்னடான்னா ஆளப் பாக்காம வண்டியப் பாத்துருக்கீங்க."

"நாங்க இல்ல. நான்தான்."

"சரி, நீதான். நாளைக்கிக் கூட்டத்துல சொல்லேன்."

"சொல்லி?"

"சொல்லின்னா? தப்பாப் போட்டுட்டேன், மாத்துங்கன்னு சொல்லு. ஓம் வாயிதானே கடைசி வாயி?"

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "இம்புட்டு வருசமா சம்பளம் குடுத்து அந்த வாயத் தொறக்கச் சொல்லிருக்காக" என்று அவன் முனகிக்கொண்டே டிவியைப் போட்டான்.

பத்தரை மணிக்குக் கூட்டம் கூடியது. துடைத்த தரை காய்ந்துவிட்டிருந்தது. அசோக்குமார் மடிக்கணினியைத் திருப்பி வைத்துக் கீழச்செம்பட்டியைக் காட்டினான். ஊர் முழுக்கப் பச்சைப் புள்ளிகள்.

"நம்ம பகுதியிலேயே முதல் ஊர். எல்லாரும் கைதட்டலாம்" என்றான். முப்பத்து மூன்று வயது. நல்ல பையன்தான். போன வருடம் முத்துத்தாய்க்குக் காய்ச்சல் வந்தபோது வீடு தேடி வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனவன்.

துளசிராம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெரிய ஐயா இருந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பார். சரி, முறைப்படி கேட்டுருவோம். அசோக்?"

"சம்மதம் சார்."

"ஹம்சவேணி?"

"சம்மதம்."

"எனக்கும் சம்மதம். முத்துக்கா?"

முத்துத்தாய் எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னாள். "ஒச்சாயி வீட்டுப் பச்சை தப்பு சார். அந்த வண்டி ரெண்டு வருசமா ஓடல. உண்டுன்னு போட்டது நான்தான். மாத்தணும்."

அசோக்குமார் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"அக்கா, போன மாசமே லாக் பண்ணியாச்சே" என்றான் அசோக்குமார். "இப்போ திறந்தா மொத்த ஊரும் சிவப்புக்குப் போயிரும். ஒரு வீடு மிச்சம் இருந்தாலும் பலகை வைக்க முடியாது."

"அப்ப பலகை வேணாம்."

"வியாழக்கிழமை ஆட்கள் ஏர்போர்ட்டுல இறங்குறாங்கக்கா!"

துளசிராம் கையமர்த்தினார். அவருக்குக் குரல் ஏறாது. "அக்கா சொல்றது நியாயம்தான். நான் மறுக்கல. ஒச்சாயிக்கு வேற ஏதாவது வழியில செய்வோம். ஒரு வீட்டுக்காக ஊரையே நிறுத்தணுமா, அதான் யோசிக்கிறேன்."

"என்ன வழியில சார்?"

"யோசிப்போம்."

ஹம்சவேணி பேச்சை முடிக்கிறவள் போலக் கூட்டக் குறிப்புத் தாளை அவள் முன் நகர்த்தினாள். "முதல்ல கையெழுத்துப் போட்டுருங்கக்கா. டீ ஆறுது."

மற்ற மூவரும் போட்டிருந்தார்கள். முத்துத்தாய் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். அதனால் எதையும் விடாமல் படிப்பாள். மேலே இன்றைய தேதி. தீர்மானம். அதன் கீழ் நான்கு பெயர்கள். நான்காவதாக, 'முத்துத்தாய்: சம்மதம். மக்கள் சார்பில் மகிழ்ச்சி தெரிவித்தார்.' கூட்டம் தொடங்கிக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

"இத எப்ப அடிச்சீங்க?"

ஹம்சவேணிக்கு முகம் சிவந்தது. "சனிக்கிழமை... கடைசி நேரத்துல பிரிண்டர் மக்கர் பண்ணுதுன்னு முன்னாடியே அடிச்சு வச்சுருவேன்க்கா. நீங்க எப்பவும் சொல்றதுதானே."

"எப்பவுமே முன்னாடியேதானா?"

"ஐயாவுக்கு அப்புறம்... நாலஞ்சு வருசமா இருக்கும்."

கோபம் வர வேண்டிய இடம் இது என்று முத்துத்தாய்க்குத் தெரிந்தது. தேடிப் பார்த்தாள். கோபம் இல்லை. அந்த நாலைந்து வருடங்களில் ஒரு திங்கட்கிழமைகூட அந்தத் தாள் பொய்யாகிப் போனதில்லை. அதை எப்படிக் குற்றம் சொல்வது?

துளசிராம் ஹம்சவேணியின் பக்கம் லேசாகச் சாய்ந்து, அவரவர் வீட்டில் பேசுகிற சௌராஷ்டிர மொழியில் ஏதோ சொன்னார். விசயம் சிக்கலானால் இருவரும் அந்தப் பேச்சுக்குப் போய்விடுவார்கள். ஹம்சவேணி தன் அம்மாவோடு போனில் பேசுவதைப் பதினாலு வருடங்கள் பக்கத்திலிருந்து கேட்டவளுக்கு அதில் பாதிக்கு மேல் புரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. சொல்லிக்கொள்ள அவளுக்கும் சந்தர்ப்பம் வரவில்லை. 'அவசரப்படுத்தாதே, தானாகவே போட்டுவிடுவார்' என்பதுதான் அவர் சொன்னது. சொன்னதில் கெடுதல் ஒன்றும் இல்லை. பிரியமாகக்கூட இருந்தது.

பேனாவை மூடித் தாளின்மேல் வைத்தாள்.

"எனக்குச் சம்மதம் இல்ல சார்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, காய்கறி வேண்டாம் என்று சொல்கிற மாதிரி. "அப்படியே எழுதிக்கங்க."

"முத்துக்கா..." என்று அசோக்குமார் தொடங்கி நிறுத்தினான்.

"நான் சொல்றத நீங்க நம்ப வேணாம். பதினொன்னே காலுக்கு ஒரு பஸ் இருக்கு. போயி அந்த வண்டிய ஸ்டாண்டுல இருந்து எறக்கி ரெண்டடி உருட்டிப் பாப்போம். ஓடுச்சுன்னா அங்கேயே வச்சுக் கையெழுத்துப் போடுறேன். யாரு வர்றீங்க?"

துளசிராம் கண்ணாடியை மறுபடியும் கழற்றினார். அசோக்குமார் திரையில் எதையோ பெரிதாக்கிப் பார்த்தான். ஹம்சவேணி தாளின் ஓரத்தை நகத்தால் மடித்து மடித்து நீவிக்கொண்டிருந்தாள்.

"ஹம்சா, நீ வாரியா?"

ஹம்சவேணி நிமிரவில்லை.

முத்துத்தாய் தண்ணீர்ப் பாட்டிலைப் பைக்குள் வைத்து, சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு பதினொன்றே கால் பஸ்ஸைப் பிடிக்க அறையை விட்டு வெளியே போனாள்.