யால்மரி நிறுத்தாத பாட்டு

போன சனிக்கிழமை யால்மரியை அடக்கம் செய்தோம். எங்கள் ஊரான குர்கிலஹ்தியில் அவன் முப்பது வருடம் தபால்காரன். கோடையில் சனிக்கிழமைதோறும் ஏரிக்கரை நடனக் கொட்டகையில் அக்கார்டியன் வாசிப்பான். பின்னால் டிரம்ஸில் நான். தபால் அட்டை எதையும் அவன் படிக்காமல் கொடுத்ததில்லை. "உன் அக்கா வியாழக்கிழமை வர்றா, மீன் பிடிச்சு வை" என்று சொல்லிவிட்டுத்தான் அட்டையை நீட்டுவான்.

பல வருடங்களுக்கு முன் ஒரு கோடை முடிவில், எங்கள் ஊர்ப் பெண் ஐலா வருகிற திங்கட்கிழமை ஸ்வீடனுக்குத் தொழிற்சாலை வேலைக்குக் கிளம்புகிறாள் என்பதும் அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. மர ஆலையில் வேலை பார்த்த ஒலாவிக்கும் தெரிந்தது. கோடை முழுக்க அவளோடு ஆடியவன், ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவள் கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை, அந்த வருடத்தின் கடைசி நடனம். பெண்கள் ஆண்களை ஆட அழைக்கும் நேரம் வந்ததும் ஐலா நேராகப் போய் ஒலாவியிடம் கையை நீட்டினாள். எங்கள் கொட்டகையில் ஓர் அழைப்புக்கு இரண்டு பாட்டு; முடிந்ததும் பெண்ணை அவளுடைய பெஞ்சில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். மூன்றாவதும் சேர்ந்து ஆடினால் ஜோடி என்று ஊர் முடிவுகட்டிவிடும். முதல் பாட்டு முழுக்க ஒலாவி அவள் தலைக்கு மேலே கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

இரண்டாவது பாட்டு முடிய வேண்டிய இடத்தில் யால்மரி மறுபடி ஆரம்பத்துக்குப் போனான். பிறகு மறுபடியும்.

"முடிடா, கை விட்டுப்போச்சு" என்றேன்.

"அவன் இன்னும் வாயே தொறக்கலடா. நீ அடி."

பாட்டின் நடுவே ஜோடியை விடுவது அவமரியாதை. அதனால் ஊரே வியர்த்துக்கொண்டு சுற்றியது.

"யோவ் யால்மரி! போட்ட காப்பியெல்லாம் ஆறிப்போச்சு!" என்று காப்பிக் கடையிலிருந்து ஸைமி கத்தினாள்.

பாட்டு ஒன்பதாவது தடவை ஓடும்போது, மேடைக்குப் பக்கத்தில் வந்த இடத்தில், ஒலாவி பேசினான்.

"பாட்டு கொஞ்சம் நீளம்."

"இதச் சொல்லத்தான் இவ்வளவு நேரமா?" என்றாள் ஐலா.

இன்னொரு சுற்று சுற்றி மறுபடி மேடைப் பக்கம் வந்தார்கள்.

"போகாத."

"எங்க?"

"ஸ்வீடனுக்கு."

"அப்ப மூணாவது பாட்டும் என்கூடத்தான் ஆடணும். எல்லாரும் பாக்கட்டும்."

யால்மரி அந்த நிமிடமே பாட்டை முடித்தான். ஊர் பெருமூச்சு விட்டது.

எங்கள் ஊர் அடக்கத்தில் மலர்வளையம் வைப்பவர்கள் அதன் நாடாவில் எழுதியிருப்பதைக் கல்லறையருகே சத்தமாக வாசிக்க வேண்டும். போன சனிக்கிழமை யால்மரியின் கல்லறையருகே ஒலாவி நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். நின்றுகொண்டே இருந்தான். பாதிரியார் இருமினார். ஐலா முழங்கையால் அவனை இடித்தாள்.

"படிய்யா. இப்ப உனக்காக இழுத்து வாசிக்க ஆளில்ல."

அவன் தொண்டையைச் செருமினான்.

"நீளமான பாட்டுக்கு நன்றி. ஒலாவி, ஐலா."