மூன்று தரம் கூப்பிடாத குரல்

இது நடந்தது. நம்பாதவர் நம்ப வேண்டாம். நம்புகிறவர்கள் மீதும் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. மந்திரவாதிக்குக் கோழியைக் கொடுத்துவிட்டு மருந்தைக் கிணற்றில் கொட்டுகிற சனத்தோடு காலமெல்லாம் மல்லுக்கட்டிய மனநோய் வைத்தியன் நான். என்னை ஒருதரம் கூப்பிட்டால் திரும்ப மாட்டேன். இரண்டாம் தரமும் மாட்டேன். வீட்டில் திமிர் என்கிறார்கள். இருக்கட்டும்.

1981, ஆவணி. மனச்சிதைவு, ஆளுமைக் கோளாறு பற்றிய என் ஆராய்ச்சிக்காக நெடுங்கேணிக்கு அப்பால் ஒரு குடியேற்றத்துக்குப் போயிருந்தேன். எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட மலையகச் சனம் காடு வெட்டிக் குடியிருந்த இடம். வாசிகசாலையில் ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு கதிரை. வருகிற ஒவ்வொருவருக்கும் தலை நிமிராமல் ஒரே வார்த்தை: "ஓம், வந்து இருங்கோ." பிறகு சீமையில் தயாரித்த கேள்விகள்.

"ஆளில்லாத நேரத்தில உங்களை ஆரும் கூப்பிடுற மாதிரிக் கேக்குதோ?"

எல்லோரும் "ஆமாங்க" என்றார்கள். உச்சி வேளையில் கேட்குமாம். மூன்று தரம் கூப்பிட்டால்தான் மனிதனாம். அதற்கு முன் வாய் திறக்கக் கூடாதாம். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் முதல் இரண்டு தரம் மரம் மாதிரி நின்றார்கள். முட்டாள்தனத்துக்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள்.

பேச்சியம்மா மட்டும் வேறு மாதிரி.

"என்னைய இல்லீங்க. வேற ஆளு பேரச் சொல்லிக் கூப்புடுது. மூணு மாசமா."

"என்ன பேர்?"

"சொல்ல மாட்டேங்க. சொன்னா நானே கூப்புட்ட மாதிரி ஆயிரும்."

இதைவிட அழகான மனச்சிதைவு எனக்குக் கிடைத்திருக்காது. தெற்கே உள்ள பெரிய வைத்தியசாலைக்கு அனுப்ப முடிவு செய்தேன். அவள் புருஷன் சுடலைமுத்து கையெடுத்துக் கும்பிட்டான்.

"அனுப்பாதீங்கய்யா. சோறாக்குறா, களை புடுங்குறா, ரெண்டு புள்ளைங்களப் பாத்துக்கிறா. யாருக்கும் ஒரு கெடுதி இல்ல."

"உனக்கு விளங்காது."

அன்று பின்னேரமே அவளை ஜீப்பில் ஏற்றினேன். பிள்ளைகள் அழுத சத்தம் சந்தி வரை வந்தது.

மறுநாள் வாசிகசாலைக்கு ஒருவரும் வரவில்லை. கோபமாம். வந்தால் என்ன, விட்டால் என்ன. நான் பேச்சியம்மாவின் நோயைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். வெளியே புறாக்கள் குனுகிக்கொண்டிருந்தன...

பிறகு அந்தச் சத்தம் இல்லை.

வாசலில் படுத்திருந்த நாய் எழுந்தது. குரைக்கவில்லை. வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டு போய்விட்டது.

மணி பன்னிரண்டு ஐந்து.

"குஞ்சன்..."

தலை நிமிரவில்லை. பழக்கதோஷம்.

"ஓம், வந்து இருங்கோ."

பேனா நின்றது.

குஞ்சன் என் வீட்டுப் பெயர். அம்மா மட்டும் கூப்பிட்ட பெயர். அம்மா செத்து இருபது வருடம். ஆனால் அது அம்மாவின் குரல் இல்லை...

இரண்டாம் தரத்துக்காகக் காத்திருந்தேன். நான்! படித்த மடையன்!

கூப்பிடவில்லை.

எதிர்க் கதிரை...

கிரீச்.

பாரம் ஏறி அமர்ந்த சத்தம்.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. வீதியில் சுடலைமுத்து நின்றான். என்னைப் பார்த்தான். பிறகு எனக்குப் பக்கத்தில் பார்த்தான். ஒதுங்கி வழிவிட்டான்.

இரண்டு பேர் போகிற அளவுக்கு.

ஒரு மாதம் கழித்து அந்த வைத்தியசாலைக்குப் போனேன். பேச்சியம்மாவை வீட்டுக்கு விடப் போகிறார்களாம். தாதி சிவனேஸ்வரி அவளுடைய உடுப்புகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"விடியக்காலமை வந்து சேந்தவா, அண்டைக்கு மத்தியானமே சத்தம் நிண்டிட்டுதாம், டொக்டர். மருந்து குடுக்கத் துவங்க முதலே. 'குஞ்சன் பதில் சொல்லிட்டாரு, இனி எனக்குக் கேக்காது' எண்டு சொல்லிச் சிரிச்சவா. ஆர் டொக்டர், அந்தக் குஞ்சன்?"

அவர் ஒருதரம்தான் கேட்டார்.

நான் வாய் திறக்கவில்லை.