அக்காவைப் பார்க்க வாங்கிய வண்டி

கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு எனக்குச் சிறுநீரை அடக்க முடியாமல் போனது. பஸ்ஸோ எங்கள் காரோ, சிவகாசியில் ஏறினால் விருதுநகர் வருவதற்குள் தவிப்பு வந்துவிடும். நெடுஞ்சாலை ஓரத்துக் கழிப்பறைகளைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கமே நாறிவிடும், விட்டுவிடுகிறேன். கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் என் கணவர் மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவார்.

கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருக்கும் என் அக்காவுக்கு மறதி ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான். போனில் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பாள். ஆனாலும் என் குரல் அவளுக்குத் தெரிந்தது. போகப் போக யாரையும் அடையாளம் தெரியாமல் போய்விடும் என்று டாக்டர் சொல்கிறார், சீக்கிரம் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போங்கள் சித்தி என்றான் அவள் மகன்.

அதைக் கேட்ட என் கணவர், கொஞ்ச நாளில் காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் ஒரு வீட்டு வண்டியோடு வந்து நின்றார். உள்ளே இரண்டு படுக்கை, குட்டி அடுப்பு, மூலையில் கதவு வைத்த கழிப்பறை. அந்தக் கதவைத் திறந்து காட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் டயரைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் எனக்கு வாங்கித் தந்ததிலேயே அதுதான் உசத்தி. நகைக்கடைக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

ஆனால் எங்களுக்கு அச்சகம். காலண்டர் சீசன் தொடங்கியிருந்தது, பொங்கல் வரை மெஷின் நிற்காது. சீசன் முடிந்த மறுநாளே கிளம்புவோம் என்றார். நானும் தலையாட்டினேன்.

ஆயுத பூஜைக்கு மெஷின்களோடு வண்டியையும் உள்ளும் புறமும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, உள்ளே இலை போட்டுப் பொரிகடலை படைத்தோம். சாயங்காலமே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அச்சக ஆட்களுக்குக் காகித லோடு கட்டித்தான் பழக்கம். பிளாஸ்டிக் தாளைச் சுற்றிச் சுற்றி ஒட்டி, அதன்மேல் தார்ப்பாய் போட்டு, கயிற்றை இழுத்து இறுக்கினார்கள். எங்கள் தொழிலில் ஈரம்தான் எமன். எதைக் காப்பாற்றுவது என்றாலும் காற்றுப் புகாமல் மூடிவிடுவோம். கழுவிய ஈரம் காயாமல் உள்ளேயே இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவசரத்தில் படைத்த பொரியை எடுக்கவும் மறந்துபோனோம். மழையில் வண்டி நனையாமல் நிற்பதை மாடியிலிருந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவ்வளவு நிம்மதி.

பொங்கல் கழித்துப் பிரித்தால் ஒரே வீச்சம். படுக்கை முழுக்கக் கருப்பாகப் பூஞ்சை. பலகைகள் உப்பிக் கிடந்தன. பொரிக்கு வந்த எலி, அடிப்பக்கம் ஓட்டை போட்டுக் குடும்பமே நடத்தி, ஒயரையும் தண்ணீர்க் குழாயையும் கடித்துப் போட்டிருந்தது. பேப்பரையும் வண்டியையும் ஒன்றுபோலவா கட்டுவார்கள் என்று அவரைப் பிடிபிடி என்று பிடித்தேன்.

"கெட்டுப் போயிரக் கூடாதுன்னுதானடி கட்டுனேன்" என்றார்.

அப்படியொரு வண்டியைப் பழுது பார்க்க எங்கள் பக்கம் யாரும் இல்லை. கடைசியில் சாத்தூரில் லாரி பாடி கட்டுகிற பட்டறைக்காரர் ஒருவர் ஒத்துக்கொண்டார். பலகை மாற்றி, குழாய் மாற்றி, சித்திரையும் முடிந்தது. அதற்குள் அக்கா போனில் பேசுவதையே நிறுத்தியிருந்தாள். டயப்பர் கட்டிக்கொண்டாவது நான் பஸ் ஏறியிருக்கலாம். வண்டிதான் இருக்கிறதே, வண்டிதான் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

வைகாசியில் கிளம்பினோம். வழியில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. அருமையான வண்டி.

அக்கா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள்.

"வாங்க, உக்காருங்க. எங்கிட்டிருந்து வாறீக? சாப்பிட்டீகளா?"

பிறந்ததிலிருந்து என்னை வாடி, போடி என்று மட்டுமே கூப்பிட்டவள். சாப்பிட்டாயிற்று என்று நானும் மரியாதையாகச் சொன்னேன்.